குன்னூரில் இருந்தபடி சிகாகோவில் இறங்கிய காலம்: பழைய ஃப்ளைட் சிமுலேட்டர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை குன்னூரில் ஒரு வீட்டு மாடியில் ஆறு பேர் கூடுகிறோம். மேஜையில் இரண்டு பழைய கம்ப்யூட்டர், ஒரு புதுசு, ஒரு தட்டு வர்க்கி, ஃப்ளாஸ்க்கில் டீ. எண்பதுகளில் வீட்டிலும் அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் கம்ப்யூட்டர் திரையில் விமானம் ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள். பார்க்க வருகிறவர்கள், அதிலும் பேரன் பேத்திகள், திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாமே என்று டீச்சரக்கா சொன்னார். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது, சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டேன்.

யார் யார் இருக்கிறீர்கள்?

நான் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீசில் கணக்கு எழுதியவன். டீச்சரக்கா ஊட்டியில் ஒரு பள்ளியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்களில் மூத்தவர் இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், எழுபத்தெட்டு வயது. எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். கோத்தகிரியிலிருந்து இருவர், அருவங்காட்டிலிருந்து ஒருவர். எங்களில் யாரும் பைலட் இல்லை.

ஃப்ளைட் சிமுலேட்டர் என்பது ஒரு வீடியோ கேம்தானே?

கேம் என்றால் மதிப்பெண் வரும், எதிரி வருவான், முடிவு வரும். முதன்முதலில் வந்த சிமுலேட்டர்களிலும் முதல் உலகப்போர் சண்டை ஒன்று இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்களை உட்கார வைத்தது அது இல்லை. ரன்வேயில் நின்று, இன்ஜினை முடுக்கி, வேகம் ஏறும் வரை காத்திருந்து, மூக்கைத் தூக்கி, 2,000 அடியில் நேராகப் பறந்து, இன்னொரு ஊரில் இறங்க வேண்டும். அவ்வளவுதான். யாரும் பாராட்ட மாட்டார்கள். சரியாக இறங்கினால் இன்ஜின் சத்தம் தணியும், திரை அசையாமல் நிற்கும். அந்த அசையாத திரைக்காக இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறோம்.

இதை முதலில் செய்தது யார்?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்று கேட்டால் ப்ரூஸ் ஆர்ட்விக். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, விமானத்திலிருந்து வெளியே தெரியும் காட்சியைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு வரைவது பற்றி 1975-ல் ஆய்வேடு எழுதினார். அவர் விமானம் ஓட்டவும் தெரிந்தவர். பிறகு சப்லாஜிக் என்ற நிறுவனத்தின் வழியாக 1979-80-ல் ஆப்பிள் 2, டிஆர்எஸ்-80 ஆகிய மெஷின்களுக்கு முதல் சிமுலேட்டர் வந்தது. 1982-ல் அவருடைய நிரலை ஐபிஎம் பிசிக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதில் இருந்த விமானம் செஸ்னா 182. சப்லாஜிக்கும் தன் பங்குக்கு ஃப்ளைட் சிமுலேட்டர் 2 என்று ஆப்பிள், கொமடோர் 64, அட்டாரி மெஷின்களுக்குக் கொண்டுவந்தது. அதில் பைப்பர் ஆர்ச்சர்.

ஒரு பழைய சங்கதி பலருக்குத் தெரியாது. எண்பதுகளில் ஐபிஎம் பிசியைப் போலவே செய்யப்பட்ட மெஷின்கள் நிறைய வந்தன. அவை உண்மையிலேயே ஐபிஎம்முடன் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க இரண்டு மென்பொருளை ஓட்டிப் பார்ப்பார்கள். ஒன்று லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை மென்பொருள், இன்னொன்று ஃப்ளைட் சிமுலேட்டர். கணக்குப் பிள்ளையும் விமானமும் இரண்டும் ஓடினால் மெஷின் தேறிவிட்டது என்று அர்த்தம்.

நீலகிரிக்கு இது எப்படி வந்து சேர்ந்தது?

வந்த வழி ஆளுக்கு ஒன்று. டீச்சரக்காவுக்குப் பள்ளிக்கூடம் வழியாக. 1984-ல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்விக்காக கிளாஸ் (CLASS) என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் வந்தவை பிபிசி மைக்ரோ மெஷின்கள். 32 கிலோபைட் நினைவகம். அந்த மெஷினுக்கு 1983-ல் ஏவியேட்டர் என்று ஒரு சிமுலேட்டர் வந்திருந்தது, ஜெஃப் கிராமண்ட் எழுதியது. ஸ்பிட்ஃபயர் விமானம், ஒரு ஊர், ஒரு பாலம், எல்லாமே கோடு. பாலத்துக்கு அடியில் நுழைந்து போகலாம். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர் கொண்டுவந்த டிஸ்க்கில் அது இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, லேப் பூட்டும் நேரம் வரை டீச்சரக்கா அந்தப் பாலத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கோணவியல் நடத்தும்போது கரும்பலகையில் மேலிருந்து இறங்கும் விமானம் வரைய ஆரம்பித்தது அந்த வருஷம்தான் என்று சொல்வார்.

எனக்கு ஆபீஸ் வழியாக. ஏலப் பட்டியல் அடிக்க ஒரு பிசி எக்ஸ்டி வாங்கியிருந்தார்கள். 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம், 640 கிலோபைட், பச்சைத் திரை. வாரா வாரம் எந்த எஸ்டேட், எந்த கிரேடு, எத்தனை மூட்டை என்று டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கீச்சுக் கீச்சென்று அடித்து முடிக்க ராத்திரி ஒன்பது ஆகும். ஒரு நாள் மெஷினைப் பழுது பார்க்க வந்த பையன் ஒரு ஃப்ளாப்பியை ஏ டிரைவில் போட்டுவிட்டு மெஷினை ஆன் செய்தான். வழக்கமாக வரும் டாஸ் (மெஷினை இயக்கும் அடிப்படை நிரல்) வரவில்லை. நேராக விமானத்தின் டேஷ்போர்டு வந்தது. மேல்பாதியில் ஒரு தொடுவானக் கோடு, அதன் நடுவில் நீளமாக ஒரு ரன்வே. அந்தக் காலத்துப் பதிப்புகள் அப்படித்தான், டாஸ் இல்லாமலே ஃப்ளாப்பியிலிருந்து தானாக எழும். ஹார்டு டிஸ்க்கைத் தொடவே தொடாது. ஏலக் கணக்கு அதுபாட்டுக்குப் பத்திரமாக இருக்கும். இது தெரிந்த பிறகு ராத்திரி வேலைக்கு நானே முன்வந்தேன்.

அண்ணனுக்கு எப்படி? அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர். ஒரு மாதம் பார்த்தார். பிறகு நகரச் சொன்னார்.

ஜாய்ஸ்டிக் இருந்ததா?

யாரிடமும் இல்லை.

அப்படியானால் எப்படி ஓட்டினீர்கள்?

கீபோர்டின் வலப்பக்க எண் கட்டத்தில். 8 அழுத்தினால் மூக்கு இறங்கும், 2 அழுத்தினால் ஏறும். 4 இடச் சாய்வு, 6 வலச் சாய்வு, 5 நடுவுக்குக் கொண்டுவரும். கேட்க எளிது. சிக்கல் எங்கே என்றால், திரை ஒரு விநாடிக்கு ஒரு சில முறைதான் மாறும். 2-ஐ அழுத்துகிறோம், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை அழுத்துகிறோம். அதற்குள் முதல் அழுத்தல் வந்து சேரும், பின்னாலேயே மற்ற இரண்டும். மூக்கு வானத்தைப் பார்க்கும், வேகமானி விழும், விமானம் கல்லைப் போல இறங்கும்.

இதை ஜெயிக்க எங்களுக்குள் ஒரு சொல் உண்டு: 'அழுத்திட்டு ஒரு மூச்சு'. ஒரு தடவை அழுத்து. மூச்சை இழுத்து விடு. முள் எங்கே போகிறது என்று பார். அப்புறம் அடுத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அண்ணன் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். உண்மையான விமானமும் பொருளாய், எடையாய் இருப்பதால் உடனே பதில் சொல்லாது. மெதுவான மெஷின் எங்களுக்குத் தெரியாமலே அந்தப் பொறுமையைப் பழக்கிவிட்டது.

இறங்குவதில் பலரும் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. கீழே போக மூக்கைக் கவிழ்க்கக் கூடாது. மூக்கு வேகத்துக்கு, இன்ஜின் உயரத்துக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் 70 நாட் (மணிக்கு 70 கடல் மைல்) அளவில் நிற்கும்படி மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினைக் குறைத்தால் தானாக இறங்கும். அதிகம் இறங்கினால் இன்ஜினைக் கொஞ்சம் கூட்டு. ரன்வேயின் தொடக்கம் திரையில் ஒரே இடத்தில் நின்றால் சரியாக அங்கே போய்ச் சேருவோம். அது மேலே நகர்ந்தால் முன்னதாக விழுவோம், கீழே நகர்ந்தால் தாண்டிப் போவோம். நான்கே கோடுகளால் ஆன ரன்வேயில் கற்றது இது. இன்றைய விமானிகளுக்கும் இதே பாடம்தான்.

என் முதல் சரியான இறக்கம் அறுபது எழுபது முயற்சிக்குப் பிறகு வந்தது. ஆபீஸில் யாருமில்லை. வெளியே மழை. கைதட்ட ஆளில்லாமல் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன். சில மாதம் கழித்து, கீபோர்டில் 8-ம் 2-ம் மட்டும் ஏன் இப்படித் தேய்ந்திருக்கின்றன என்று மேனேஜர் கேட்டார். உட்கார வைத்துக் காட்டினேன். அவரும் அன்று பத்து மணிக்குத்தான் வீட்டுக்குப் போனார்.

எல்லோரும் 'மெய்க்ஸ், மெய்க்ஸ்' என்கிறீர்களே, அது என்ன?

மெய்க்ஸ் ஃபீல்டு. சிகாகோ நகரத்தை ஒட்டி மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த சின்ன விமான நிலையம். ஒரே ரன்வே, சுமார் 3,900 அடி. 1982 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரைத் திறந்தால் நாம் நிற்கும் இடம் அதுதான். வடக்கே பார்த்து நிற்போம். வலது பக்கம் ஏரி, இடது பக்கம் நகரம். நகரம் என்றால் சில பெட்டிகள். உயரமான பெட்டி 110 மாடி சியர்ஸ் டவர்.

உலகம் மொத்தமும் அந்தப் பதிப்பில் கிடையாது. சிகாகோ, சியாட்டில், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க்-பாஸ்டன் வட்டாரங்கள் மட்டும். எனக்கு அப்போது சென்னையில் மவுண்ட் ரோட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாது. சிகாகோவிலிருந்து தெற்கே ஷாம்பேன் போக எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நடுவில் பெரும்பாலும் வெறும் தரை.

2003 மார்ச் 30 நள்ளிரவு கடந்ததும் சிகாகோ மேயரின் உத்தரவில் புல்டோசர்கள் வந்து அந்த ரன்வேயின் மேல் பெரிய பெருக்கல் குறிகளாகக் குழி தோண்டிவிட்டன. நிலையம் மூடப்பட்டது, பின்னால் பூங்காவானது. செய்தித்தாளில் சின்னதாக வந்திருந்தது. அருவங்காட்டு நண்பர் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மத்தியான வெயிலில் நடந்தே என் வீட்டுக்கு வந்தார். நாங்கள் ஒருநாளும் கால் வைக்காத இடம். ஆனால் நூற்றுக்கணக்கான தடவை இறங்கிய இடம். அன்று மாலை பழைய மெஷினை எடுத்து வைத்து ஆளுக்கு ஒரு தடவை அங்கே இறங்கினோம்.

படம் ஏன் அவ்வளவு மோசமாக இருந்தது?

என் பேத்தி கேட்டது இன்னும் நேராக: "தாத்தா, இதுல மரம் எங்க?"

மரம் வரைய நேரமில்லை, கண்ணு. அதுதான் பதில். தரையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் விமானத்திலிருந்து எவ்வளவு முன்னே, எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு கீழே என்று மூன்று எண்ணாக இருக்கும். விமானம் திரும்பினால், சாய்ந்தால், மூக்கு தூக்கினால் அத்தனை புள்ளியையும் சுழற்றிக் கணக்கிட வேண்டும். ஒரு புள்ளிக்கு 9 பெருக்கல். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய 2 வகுத்தல். அந்த பிசியின் மூளையான 8088 சில்லுக்கு ஒரு 16 பிட் பெருக்கலுக்கே நூறு கடிகாரத் துடிப்புக்கு மேல் ஆகும். தசமக் கணக்குப் போடத் தனிச் சில்லு வேண்டும், பெரும்பாலான மெஷின்களில் அது கிடையாது. எனவே எல்லாம் முழு எண்ணில், அட்டவணையில் வைத்த சைன் மதிப்புகளைக் கொண்டு. நூறு புள்ளி இருந்தால் பெருக்கி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். அதற்கப்புறம் கோடு வரைய வேண்டும், விமானத்தின் இயக்கத்தைக் கணக்கிட வேண்டும், முட்களை நகர்த்த வேண்டும்.

அந்தக் கஞ்சத்தனமான நேரத்தை எதற்குச் செலவழிப்பது என்று எழுதியவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் மரத்தை விட்டார்கள், முள்ளை வைத்தார்கள். வேகமானி, உயரமானி, செயற்கைத் தொடுவானம், ஏற்ற இறக்க மானி, திசை, திருப்பமானி. ஜன்னலில் இருந்தது ஏமாற்று. முட்கள் பொய் சொல்லவில்லை. மூக்கைத் தூக்கினால் வேகம் குறைந்தது, சாய்த்தால் உயரம் குறைந்தது, காற்று பக்கவாட்டில் அடித்தால் திசை விலகியது. இன்று எவ்வளவோ அழகான சிமுலேட்டர் வந்துவிட்டது. நான் இப்போதும் முதலில் முட்களைத்தான் பார்க்கிறேன். அந்தத் தேர்வைச் செய்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை நாற்பது வருஷத்தில் கூடித்தான் இருக்கிறது.

வேறு என்னென்ன ஓட்டினீர்கள்?

கோத்தகிரி நண்பரிடம் ஸ்பெக்ட்ரம் இருந்தது, அதில் சயான் நிறுவனத்தின் ஃப்ளைட் சிமுலேஷன். கேசட்டிலிருந்து ஏற வேண்டும். டேப் ரெக்கார்டரில் சத்தம் ஒரு பொட்டு கூடினாலும் குறைந்தாலும் ஏறாது. சரியான இடத்தில் நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தார். சிட் மையர் எழுதிய சோலோ ஃப்ளைட்டில் தபால் மூட்டை கொண்டுபோக வேண்டும், அது எனக்குப் பிடித்தது. 1988-ல் எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர் வந்தது. தொடங்கும்போதே ஒரு விமானத்தின் நிழலுருவைக் காட்டி இது என்ன விமானம் என்று கேட்கும், கையேடு இல்லாமல் நகல் எடுத்தவர்களைத் தடுக்க. அண்ணன் அத்தனை நிழலுருவையும் ஏலப் பட்டியல் தாளின் பின்பக்கம் வரைந்து பெயரெழுதி வைத்தார். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. 1991-ல் வந்த ஃபால்கன் 3.0 கணக்குச் சில்லு இருந்தால்தான் தன் முழுத் திறமையையும் காட்டும். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ராத்திரி வேலை குறைந்துவிட்டது.

திரைக்குப் படம் அனுப்பும் கார்டாக ஹெர்குலிஸ் வைத்திருந்தவர்கள் பாடு தனி. அது எழுத்துக்கு அருமையான கார்டு. கேம்கள் கேட்பதோ சிஜிஏ என்ற நிறக் கார்டு. டாஸில் முதலில் சிம்சிஜிஏ என்ற சின்ன நிரலை ஓட்டிவிட்டு அப்புறம் கேமைத் திறக்க வேண்டும். நிறம் வராது, ஆனால் பறக்கும்.

நகல் ஃப்ளாப்பிகள்தானே எல்லாம்?

ஆமாம், பெரும்பாலும். விலை கொடுத்து வாங்க மலையில் கடை இல்லை, எங்கள் சம்பளத்துக்கு விலையும் எட்டாது. சரி என்று சொல்லவில்லை. பின்னாளில் வசதி வந்தபோது மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 95, 98, 2004 பதிப்புகளைக் காசு கொடுத்தே வாங்கினோம்.

மலையில் ஃப்ளாப்பிகள் எப்படித் தப்பின?

பாதிக்கு மேல் தப்பவில்லை. குன்னூரில் தென்மேற்கு மழையும் தொடும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கும் கொட்டும். மேகம் வீட்டுக்குள் வந்து துணியை நனைக்கும் ஊர். ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியின் நடுவில் நீள்வட்டத் திறப்பு இருக்கும் அல்லவா, அதன் வழியாகப் பார்த்தால் பழுப்புத் தட்டின் மேல் வெள்ளையாகப் பூ விழுந்த மாதிரி தெரியும். பூஞ்சை. கேமரா லென்சில் விழுவதும் இதே ஜாதிதான்.

அண்ணன் ஃபிலிம் வேலை தெரிந்தவர், ஈரத்தை எதிரியாகப் பார்க்கப் பழகியவர். பிஸ்கட் டின்னில் ஃப்ளாப்பிகளை நிற்க வைத்து, சிலிக்கா ஜெல்லைத் துணி முடிச்சில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவார். நீல மணிகள் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். சூடாக்கினால் மறுபடி நீலம். சமைக்கும் பாத்திரத்தில் மட்டும் அதை வறுக்கக் கூடாது, அந்த நீலம் கோபால்ட் உப்பு. மெஷின் இருந்த மர அலமாரியில் ஒரு சின்ன குண்டு பல்பு எப்போதும் எரியும். உறைபனி விழும் மார்கழி தையில் காலையில் மெஷினை உடனே ஆன் செய்ய மாட்டோம். வெயில் வந்து அறை சூடாகி, உள்ளே படிந்த ஈரம் போன பிறகுதான்.

வீட்டுப் பரணில் பழைய ஃப்ளாப்பி கிடைத்திருக்கிறது. என்ன செய்யலாம்?

தயவுசெய்து அவசரப்பட்டு டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த ஒரு தட்டு, டிரைவின் தலையை அழுக்காக்கும். அடுத்துப் போடும் நல்ல தட்டையும் அந்தத் தலை கீறிவிடும். வெளிச்சத்தில் பிடித்து, தட்டை விரலால் மெல்லச் சுற்றித் திறப்பு வழியாக முழுவதையும் பாருங்கள். புள்ளி இருந்தால் உறையின் ஒரு ஓரத்தைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் வட்டத் தட்டை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் துளி சோப்பு விட்டுப் பஞ்சால் மெதுவாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, சுத்தமான வேறு உறையில் போட வேண்டும். டிரைவின் தலையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். பிறகு முதல் வாசிப்பிலேயே நகல் எடுத்துவிட வேண்டும், இரண்டாம் வாய்ப்பு கிடைக்கும் என்று நம்ப முடியாது. தானாக எழும் ஃப்ளாப்பிகள் பலவற்றைச் சாதாரண நகல் கட்டளை எடுக்காது. கிரீஸ்வீசல் என்ற சின்ன யூஎஸ்பி பலகை, தட்டில் இருக்கும் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். அதைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். செய்யத் தயக்கமாக இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து செய்வோம்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் தனியாகப் புரிந்தது ஏதாவது உண்டா?

உண்டு. நீலகிரியில் விமான நிலையம் கிடையாது. தலைக்கு மேல் உயரத்தில் போகும் விமானமும், வெலிங்டன் ராணுவ முகாமுக்கு வரும் ஹெலிகாப்டரும்தான் நாங்கள் பார்த்தவை. ஆனாலும் உயரத்தில் காற்று மெலிவது எங்களுக்குப் பாடப்புத்தகச் செய்தி இல்லை, அடுப்படிச் செய்தி. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடிய அம்பாசடர் கார் மேலே வந்ததும் புகை கக்கி இழுக்கும். பெட்ரோல் அதே அளவு, காற்று மட்டும் குறைவு.

விமானத்துக்கும் இதே கதை. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். கடல்மட்டத்தில் 100 குதிரைசக்தி தரும் சாதாரண இன்ஜின் இங்கே 78-ஐத் தொட்டால் அதிகம். இறக்கைக்கும் காற்று போதாது, ப்ரொப்பெல்லருக்கும் போதாது. ரன்வேயில் அதிக தூரம் ஓட வேண்டும். அதனால்தான் எரிபொருள் கலவையைக் குறைக்க ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். சமவெளி நண்பர்களுக்கு இதை விளக்க நேரமாகும். கோத்தகிரிக்காரருக்கு ஒரு வரி போதும்.

பனிமூட்டத்தில் எப்படி ஓட்டுவது?

முட்களைப் பார்த்து. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நம் உள்காதில் இருக்கும் திரவம்தான் திரும்புகிறோம் என்று சொல்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் இருபது விநாடி போலத் தாண்டியதும் அது அடங்கிவிடும். நேராகப் போகிறோம் என்று உடம்பு அடித்துச் சொல்லும், விமானம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். வெளியே எதுவும் தெரியாதபோது உடம்பை நம்பினால் முடிந்தது. பழைய சிமுலேட்டரில் மேகத்தைப் போட்டால் ஜன்னல் வெறும் ஒரே நிறமாகிவிடும். செயற்கைத் தொடுவானம், வேகம், உயரம், மறுபடி தொடுவானம் என்று கண் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முள்ளையே முறைத்தால் மற்றது நழுவும்.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் வந்த விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஊர் மக்கள் வீட்டிலிருந்த போர்வைகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் விமானிக்கு நிலை தெரியாமல் போனதும் காரணம் என்று விசாரணை சொன்னது. அனுபவமுள்ளவர்களுக்கே அப்படி. அந்த மாதம் நாங்கள் கூடினோம், மெஷினை ஆன் செய்யவில்லை. அதற்குப் பிறகு எங்கள் மேஜையில் மேகத்துக்குள் போய் விளையாடுவது கிடையாது. போனால் முறையாகப் பயிற்சியாகத்தான் போவோம்.

இன்றைய சிமுலேட்டரில் கோவையிலிருந்து ஊட்டிக்குப் பறக்க முடியுமா?

தாராளமாக. மைக்ரோசாஃப்டின் 2020 பதிப்பில் உலகமே இருக்கிறது. வீட்டு மெஷின் பழசு என்றால் காசில்லாமல் கிடைக்கும் ஃப்ளைட்கியர் போதும். எங்கள் வழி இது.

கோவை பீளமேடு 1,320 அடி. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. செஸ்னா 172 என்றால் 10,000 அடிக்கு ஏறிக்கொள்வது நல்லது. ஏறியதும் வடக்கு-வடமேற்காக, 340 டிகிரி, மேட்டுப்பாளையம் பவானி ஆற்றைப் பாருங்கள். அங்கே வந்து சேரும்போது ஏழாயிரம் சொச்சம்தான் தொட்டிருக்கும். நேராக மலைக்குள் போகாதீர்கள். சமவெளிக்கு மேலேயே இரண்டு மூன்று வட்டம் அடித்து மிச்ச உயரத்தையும் வாங்குங்கள். பிறகு மேற்கே திரும்பினால் கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று மலை ரயில் பாதை கீழே வளைந்து ஏறும். அதைப் பிடித்துக்கொண்டே குன்னூர். அங்கிருந்து இடப்பக்கம் கேத்தி பள்ளத்தாக்கு, வலப்பக்கம் தொட்டபெட்டா, முன்னால் ஊட்டி ஏரி.

ஒரு எச்சரிக்கை. உயரம் போதாமல் பர்லியாறு பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். 90 நாட் வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் குறுக்களவு 760 மீட்டர் ஆகும். உயரத்தில் காற்று மெலிவதால் மானி 90 காட்டினாலும் உண்மை வேகம் நூறைத் தாண்டும், வட்டம் ஒரு கிலோமீட்டரை நெருங்கும். பள்ளத்தாக்கு அவ்வளவு இடம் தராது. அருவங்காட்டு நண்பர் தன் வீட்டுக் கூரையைத் தேடிப்போய் இதை இரண்டு தடவை கற்றார்.

பழைய பதிப்பை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்ட?

டாஸ்பாக்ஸ், பழைய பிசியைப் போல நடிக்கும் மென்பொருள். வேகம் மட்டும் கவனம். அப்படியே விட்டால் விமானம் ராக்கெட்டாகும். கன்ட்ரோலுடன் எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 கூட்டும். தானாக எழும் ஃப்ளாப்பியின் நகல் என்றால் பூட் கட்டளை. லேப்டாப்பில் எண் கட்டம் இல்லாவிட்டால் தனியாக யூஎஸ்பி எண் கட்டம் வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் சுவை இல்லை.

நீங்கள் நிஜ விமானத்தில் போயிருக்கிறீர்களா?

நான் முதலில் ஏறியது மகள் கல்யாண வேலையாக, கோவையிலிருந்து சென்னைக்கு. இறக்கைக்குப் பின்னால் ஜன்னல் சீட். இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பு ஓசையோடு நீண்டு வளைந்தது, பக்கத்து அம்மா பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஃப்ளாப்ஸ்தான் அம்மா, வேகத்தைக் குறைக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் சக்கரம் இறங்கும், சத்தம் வரும் என்றேன். சொன்னபடியே வந்தது. சார் பைலட்டா என்று கேட்டார்.

அண்ணன் இன்னும் ஏறவில்லை. ஏறவேண்டும் என்ற ஆசையும் பெரிதாக இல்லை என்பார். ஆனால் 1988-லிருந்து ஒவ்வொரு பறத்தலையும் ஒரு நீள நோட்டில் எழுதி வருகிறார். தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், குறிப்பு. இப்போது ஏழாவது நோட்டு. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஊதா மையில் இப்படி இருக்கிறது: 'மெய்க்ஸ் – ஷாம்பேன். காற்று மேற்கு. ரன்வே தெரிந்தது. கரண்டு போய்விட்டது.' அதற்கு அடுத்த வரி மறுநாள் தேதியில்: 'மெய்க்ஸ் – ஷாம்பேன். சேர்ந்தேன்.'